திருப்பலாம், இழுக்கக் கூடாது

மலேசியாவில் கிள்ளானிலிருந்து புறப்படும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் புறப்பட்டேன். சண்டை போட வேண்டிய ஆளின் பெயர் குமரவேல். புதுச்சேரியை அடுத்த பாகூர்க் கடைத்தெருவில் ஒரு சிறிய ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுப்பவர். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் எடுத்த படங்களை மட்டும் ஒரு வருடமாகப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மனிதருக்கு ஒரு தலையை நேராக வைக்கத் தெரியவில்லை.

கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மூளைப் படங்களை நிமிர்த்துகிற வேலை என்று சொன்னால் என் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். விஷயம் எளிமையானது. எந்திரத்துக்குள் படுக்கும்போது ஒருவர் மோவாயைத் தூக்கிக்கொள்வார், ஒருவர் ஒரு பக்கம் சாய்ந்துகொள்வார். ஒரு மூளையை இன்னொரு மூளையோடு ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மூளையின் நடுவே முன்னும் பின்னுமாக இரண்டு சின்ன நரம்புப் பாலங்கள் உண்டு. அவற்றைச் சேர்க்கும் கோடு சமமாகக் கிடக்க வேண்டும். இடது வலது என்று பிரிக்கும் நடுக்கோடு செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்காகப் படத்தை நகர்த்தலாம், திருப்பலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் கூடத்தில் பலர் அதோடு நிறுத்துவதில்லை. ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் மென்பொருள் ஒரு மாதிரி மூளையை எடுத்து வைத்துக்கொண்டு, வருகிற மூளையை இழுத்தும் அமுக்கியும் அதற்குள் பொருத்திவிடும். சில ஆராய்ச்சிகளுக்கு அது தேவைதான். ஆனால் ஒருவரின் மூளை சுருங்கியிருக்கிறதா என்று அளக்கப் போகும்போது, அளப்பதற்கு முன்பே அதை இழுத்துவிட்டால் பிறகு என்னத்தை அளப்பது? இதை நான் கூட்டங்களில் சொல்வேன். கூடத்தை நடத்தும் பேராசிரியர் தலையாட்டுவார். பிறகு பொத்தானை அழுத்துவார்கள்.

எங்கள் ஆராய்ச்சிக்காகப் பாகூரிலிருந்து வந்த படங்களில் ஒரு விசித்திரம் இருந்தது. ஆண்களின் தலை நேராக இருந்தது. பெண்களின் தலை மட்டும் சாய்ந்திருந்தது, அநேகமாக எல்லாமே இடது பக்கம். "போய் என்னவென்று பார், வசந்தி," என்றார் பேராசிரியர். "சரிசெய்ய முடியாது என்றால் அந்தப் படங்களை மொத்தமாக அழித்துவிடலாம்."

புதன்கிழமை காலை புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூரில் விழித்தேன். கீழே ஜமால் பாயின் ஹார்ட்வேர் கடை, மேலே எனக்கு ஓர் அறை. பாய் வீட்டு அக்கா ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஊரில் ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு துண்டைத் தொட்டுத் தின்றதும் சொல்ல வந்தது மறந்துபோனது. ஐந்து ஆப்பம் சாப்பிட்டேன்.

குமரவேல் போனில் வழி சொன்னார். "பிள்ளையார்குப்பத்துல பெரிய ஆஸ்பத்திரி எதுர எறங்கிடுங்க மேடம். நான் வண்டியோட நிக்கிறேன்." வில்லியனூரில் நின்ற பேருந்து ஒன்றில் பிள்ளையார்குப்பம் போகுமா என்று கேட்டேன். "போவும், ஏறு ஏறு," என்றார் நடத்துநர். கரும்பும் நெல்லும் மாறி மாறி வந்தன. அரை மணி நேரம் கழித்து "தோ, பிள்ளையார்குப்பம்" என்று இறக்கிவிட்டார். ஒரு வேப்பமரம், இரண்டு ஆடு, ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தன. ஆஸ்பத்திரியைக் காணோம்.

ஆட்டுக்காரப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆஸ்பத்திரியா? அது பாகூர் பக்கத்துப் பிள்ளையார்குப்பம்மா. இது வில்லியனூர்ப் பிள்ளையார்குப்பம். எது வோணும்னு கேட்டு ஏற மாட்டியா?"

ஒரே பெயரில் இரண்டு ஊர் வைத்துவிட்டு என்னைத் திட்டுகிறார்களே என்று எரிச்சலாக வந்தது. அடுத்த பேருந்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பால்காரர் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளில் இடம் கொடுத்தார். இரண்டு பக்கமும் பால் கேன், நடுவில் நான், மடியில் மடிக்கணினி. அதன் பிறகு இன்னொரு பேருந்து, அதன் பிறகு ஒரு ஷேர் ஆட்டோ. வழியில் கடைப் பலகைகளில் புதுச்சேரி என்பது கடலூர் மாவட்டமாகி, பிறகு மறுபடியும் புதுச்சேரியானது. மலேசியாவில் ஒரு மாநிலத்தைத் தாண்ட நாங்கள் அரை நாள் எடுத்துக்கொள்கிறோம். இங்கே ஒரு பாட்டு முடிவதற்குள் தாண்டிவிடுகிறார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி எதிரே இறங்கினேன். குமரவேல் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வீராம்பட்டினத்துக்காரர். சட்டை முழுக்க வியர்வை. "இன்னா மேடம், அந்தப் பிள்ளையார்குப்பம் போயிட்டீங்களா?" என்று சிரித்துவிட்டு, எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். மோர் வாங்கிக் கொடுத்த ஆளோடு உடனே சண்டை போட முடியாது. மறுநாளுக்குத் தள்ளிவைத்தேன்.

வியாழன் காலையிலிருந்து அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் வந்தவர் ஒரு கரும்பு விவசாயி. நேராகப் படுத்தார், தலைக்கூண்டு மூடியது, படம் அம்சமாக வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து ஒரு பெண் வந்தார். தாலியைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். சேஃப்டி பின், ஹேர்பின் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டார். வலது காதுக்குப் பின்னால் ஒரு பெரிய கொண்டை, துணிக்கயிற்றால் கட்டியது. அது அப்படியே இருந்தது. படுத்ததும் கொண்டை அந்தப் பக்கம் முட்டுக்கொடுக்க, தலை இடது பக்கம் சாய்ந்தது. குமரவேல் ஒரு துண்டை மடித்துச் சந்தில் செருகி, "ஆடாம இருங்க யக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "முடியை அவிழ்க்கச் சொன்னால் என்ன? ஒரு நிமிஷ வேலை!"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல அவர் என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். "மல்லாக்கப் படுக்க வச்சி, வெள்ளத் துணி போத்தி, முடிய அவுத்து விரிச்சிப் போடுன்னு சொன்னா இன்னா அர்த்தம் மேடம்? எங்கூர்ல யார அப்பிடிப் படுக்க வப்பாங்க?"

நான் கண்ணாடி வழியாக, உள்ளே வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தவரைப் பார்த்தேன்.

"மொத மாசம் சொல்லிப் பாத்தேன். ஒரு யக்கா எந்திரிச்சிப் போயிட்டாங்க. கூட வந்த நாலு பேரும் எடுக்காமயே போயிட்டாங்க. அதுக்கப்புறம் நான் யாரையும் கேக்கல. கோணலா எடுத்தாலும் எடுத்தாச்சில்ல?"

கொண்டை ஏன் பக்கவாட்டில் இருக்கிறது என்று கேட்டேன். உச்சியில் சும்மாடு வைத்து, அதன்மேல் மீன்கூடை வைப்பார்களாம். உச்சியும் பிடரியும் கூடைக்கு வேண்டும். அதனால் கொண்டை காதோரம் ஒதுங்கிவிடுகிறது. கரையோரப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். கூடை தூக்காதவர்களும் அப்படியே கட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு வருடமாக என் குறிப்பேட்டில் பாகூர்ப் பெண்களின் படங்களுக்கு எதிரே 'தொழில்நுட்பர் கவனக்குறைவு' என்று எழுதிவந்திருக்கிறேன். அந்த மனிதர் அவர்களைப் பிணம்போலக் கிடத்த மறுத்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. வந்த சண்டை அங்கேயே முடிந்துபோனது. வேறொரு சண்டை ஆரம்பித்தது.

பதினொரு மணிக்கு ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, கறுப்பு, வலது காதோரம் கொண்டை. கையில் ஜவுளிக்கடைப் பையில் சுற்றிய படங்கள். கடற்கரைக் கிராமமான நல்லவாட்டிலிருந்து நடந்தும் பஸ் பிடித்தும் வந்திருந்தார். பெயர் அஞ்சலாட்சி.

"மலேசியாலேர்ந்து வந்துருக்குறது நீதானா? இந்தப் பேப்பர எழுதுன கம்பூட்டரு உங்க ஊர்லதான் இருக்குதாமே?"

ஆமாம் என்றேன்.

"எம் மூளைல லெஃப்ட்டு சைடு சுருங்கிப் போச்சின்னு போட்டுருக்குது. நீயே சொல்லு, என்னப் பாத்தா சுருங்குனாப்லயா இருக்குது?"

தாளை வாங்கிப் பார்த்தேன். மருத்துவரின் அறிக்கை ஒரு பக்கம். அதோடு பின் அடித்து எங்கள் கூடத்தின் அளவுத் தாள். எங்களுக்குப் படம் அனுப்பும் சென்டர்களுக்கு நாங்கள் இலவசமாகக் கொடுத்த மென்பொருள், ஒவ்வொரு மூளையையும் மாதிரி மூளையில் பொருத்தி, எந்தப் பக்கம் எவ்வளவு குறைவு என்று தானாகவே அச்சடித்துத் தருகிறது. மருத்துவர் அதைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார். அந்தத் தாளின் அட்டவணையை வடிவமைத்தவள் நான். 'இயல்புக்குக் குறைவு' என்பது சிவப்பில் வர வேண்டும் என்று சொன்னவளும் நான்.

அஞ்சலாட்சி கதையைச் சொன்னார். ஒருநாள் மீன் இறங்கும் இடத்தில் மயக்கம் வந்து விழுந்திருக்கிறார். மகன் முருகையன் இங்கே கொண்டுவந்து படம் எடுத்திருக்கிறான். தாளைப் பார்த்த அன்றே கூடையைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டான். அம்மா இனி தெருவுக்குப் போகக் கூடாது, மீன் விற்கக் கூடாது, வழி மறந்துவிடும் என்றானாம்.

"ஞாயித்துக்கெழம என்னக் கொண்டுபோயி திருக்கோவிலூர்ல பொண்ணு வூட்ல வுட்டுடப் போறான். அங்க கடலு ஏது? மீனு ஐஸ்ல வருதாம். ஐஸ் மீன வச்சிக்கினு நா இன்னா பண்றது?" ஜவுளிக்கடைப் பையை மேசைமேல் வைத்தார். "நா போவ மாட்டேன். ஆனா அவங்கிட்ட பேப்பர் இருக்குது. எங்கிட்ட வாயிதான் இருக்குது."

நான் மருத்துவர் இல்லை, அதைச் சொன்னேன். ஆனால் இந்தத் தாளில் தப்பு இருக்க வாய்ப்பு உண்டு, நாளை மாலைக்குள் பார்த்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். "நீ பேசறது டீவில பேசறாப்ல இருக்குது," என்றார். "நாளைக்கி வர்றேன். ஏமாத்திடாத."

வெள்ளிக்கிழமை முழுவதும் அவருடைய ஒரே ஒரு படத்தோடு உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு முறை மின்சாரம் போனது. மதியம் குமரவேல் எங்கிருந்தோ நெத்திலிக் குழம்பும் சோறும் வாங்கிவந்தார். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் அந்தச் சோற்றை மூன்று பேருக்குப் பரிமாறுவார்கள். மிச்சம் வைத்தால் திட்டுவார் போலிருந்தது, முழுவதையும் தின்றேன்.

மென்பொருளைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் செய்தேன். இரண்டு நரம்புப் பாலங்களைக் கண்டுபிடித்துக் குறித்தேன். நடுக்கோட்டைக் குறித்தேன். கொஞ்சம் நகர்த்தினேன், மூன்று திசையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். எதையும் இழுக்கவில்லை, எதையும் அமுக்கவில்லை. குறித்த புள்ளிகளுக்கு நடுவே இருந்த தூரத்தைத் திருப்புவதற்கு முன்னும் பின்னும் அளந்தேன். அப்படியே இருந்தது.

நிமிர்ந்த படத்தில் இடதும் வலதும் ஒரே அளவாக இருந்தன.

என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. சாய்ந்த தலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெட்டு ஒரு பக்கம் காது உயரத்தில் விழும், மறுபக்கம் நெற்றிப்பொட்டு உயரத்தில் விழும். இரண்டு பக்கமும் வேறு வேறாகத்தானே தெரியும்? அந்தக் கோணலை எங்கள் மென்பொருள் புரிந்துகொள்ளாமல், ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்து, மறுபக்கத்தை நெரித்து, எப்படியோ மாதிரி மூளைக்குள் திணித்திருக்கிறது. நெரிந்த பக்கத்தை அளந்து, சிவப்பில் அச்சடித்துவிட்டது.

குமரவேல் எட்டிப் பார்த்தார். "அப்ப அவங்களுக்கு ஒன்னும் இல்லியா மேடம்?" அவர் முகம் பேயறைந்ததுபோல இருந்தது. கோணலாக எடுத்தது அவர் அல்லவா? தப்பு கோணலில் இல்லை, இழுத்ததில்தான் என்று சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

பேராசிரியரை அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான். "அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் எடுக்கச் சொல், முடியை அவிழ்த்துவிட்டு. மற்ற பெண்களின் படங்களை அழித்துவிடு. அளவுத் தாளைப் பற்றி எழுத்தில் எதுவும் தராதே. நம் கூடத்தின் பெயர் இருக்கிறது."

"என் பெயரும் இருக்கிறது," என்றேன்.

"உணர்ச்சிவசப்படாதே. பன்னிரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் பேசு."

நாலு மணிக்கு அஞ்சலாட்சி வந்தார். இன்னொரு முறை எடுத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், கொண்டையை மட்டும் அவிழ்க்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படி ஒரு வழி இருப்பதை அவரிடம் மறைத்தால் நேர்மையாகாதே என்றுதான் கேட்டேன்.

"மாட்டேன்." கொண்டையைக் கையால் பொத்திக்கொண்டார். "எம் புருசன் போன அன்னிக்கி நாலு பேரு முன்னாடி அவுத்தது. இனிமே நா செத்தப்பறம் அவுத்துக்கட்டும். நேராப் பாக்கத் தெரியாத பொட்டிக்கு நா எதுக்குமா முடிய அவுக்கணும்?"

அவர் சொன்னது சரி. அவருடைய மூளையில் இருந்தது எல்லாம் அந்தப் பழைய படத்திலேயே இருந்தது. அதைத் திருப்பிப் பார்க்கச் சோம்பல்பட்டவர்கள் நாங்கள். பெட்டிக்கு வசதியாக அவர் படுக்க வேண்டுமாம். அவிழ்க்க வேண்டாம் என்றேன்.

அறிக்கை எழுதிய மருத்துவர் சென்னையில் இருந்தார். குமரவேல் எண்ணைத் தந்தார். நான் யார், எனக்கு என்ன அதிகாரம் என்று மருத்துவர் எகிறினார். நானும் எகிறினேன். கடைசியில் நிமிர்த்துவதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அனுப்பி, நீங்களே பாருங்கள் என்றேன். ஒரு மணி நேரம் கழித்து அவரே அழைத்தார். சுருக்கம் எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் வயதுக்கேற்ற அளவில் இருக்கின்றன, அறிக்கையை மாற்றி எழுதுகிறேன், மயக்கத்துக்கு ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். பிறகு, "உங்கள் அளவுத் தாளை நம்பித்தான் எழுதினேன். இனிமேல் அதை என் பக்கம் அனுப்பாதீர்கள்," என்றார். அந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான்.

வில்லியனூர் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். ஜமால் பாய் கடை வாசலில் ரசமட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சுவர் சமமாக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, குமிழி ஓடும் கட்டை, அதுதான். மனம் கேட்காமல் கதை முழுவதையும் அவரிடம் கொட்டினேன்.

பாய் ஒரு ரசமட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "போன வருசம் ஒரு பெட்டி கோணலா வந்துடிச்சிமா. குமிழி தப்பாக் காட்டும். தெரியாம வித்துட்டேன். மேஸ்திரிங்க வூடு வூடாப் போயி திருப்பி வாங்கினு வந்தேன்."

"எல்லாவற்றையுமா?"

"பின்ன? அத வச்சித்தான செவுரு கட்டுவானுங்க!" இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை குமரவேலின் வண்டியில் நல்லவாட்டுக்குப் போனோம். தவளக்குப்பம் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். அவர் வண்டியைத் தள்ளினார், நான் புதிய அறிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு மணலில் நடந்தேன். செருப்புக்குள் மணல் புகுந்ததால் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். படகுகள் வந்து இறங்கிய நேரம். பெண்கள் கூடையோடு ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு கத்தினார்கள். எங்கள் ஊர் மீன் சந்தையில் குளிர்சாதனமும் வரிசையும் உண்டு, இந்த உயிர் கிடையாது.

முருகையன் ஒரு படகோரம் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அம்மா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கூடையில்லாமல். அறிக்கையை நீட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"மொத ஒரு பேப்பர் குடுத்தீங்க. இப்ப ஒரு பேப்பர் குடுக்குறீங்க. நாளைக்கி இன்னொன்னு குடுப்பீங்க. நா எத நம்புறது? எங்கம்மா ரோட்ல வுழுந்து லாரில அடிபட்டா நீங்களா வருவீங்க?"

அவன் கெட்டவன் இல்லை, பயந்துபோயிருந்தான். கவிழ்த்துப்போட்ட கட்டுமரத்தின்மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்து, சாய்ந்த படத்தையும் நிமிர்ந்த படத்தையும் காட்டினேன். அதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

"திருப்பிட்டீங்க. திருப்புனா அளவு மாறாதா?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலாட்சி குனிந்து, பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்து மணலில் கோணலாகப் போட்டார். பிறகு அதை நேராகத் திருப்பிப் போட்டார். "தோ பாரு. திருப்பிப் போட்டா மீனு சின்னதாப் பூடுதா? வாலப் புடிச்சி இழுத்தாத்தான்டா பிஞ்சிடும். இவங்க கம்பூட்டரு இழுத்துடிச்சி. இப்ப இவங்க வந்து நேராப் போட்டுருக்காங்க. இது கூடவா புரியல?"

பல வருடங்களாகக் கூட்டங்களில் நான் படம் போட்டு விளக்கி வந்ததை அவர் ஒரு மீனில் முடித்துவிட்டார். மீனுக்குச் சொந்தக்காரி மீனைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

முருகையன் இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப மொதல் பேப்பர எழுதுனது யாரு?"

"நான்தான்," என்றேன். "என் கூடம். அந்தச் சிவப்பு எழுத்து என்னுடையது. தப்பும் என்னுடையதுதான். உங்க அம்மாவை நான் பார்க்காமலே சுருங்கிப்போனவர் என்று எழுதிவிட்டேன்."

பின்னால் நின்ற ஒரு பெண், காதோரம் கொண்டை போட்டவர், மெதுவாகக் கேட்டார். "எனக்கும் அந்த மாதிரி பேப்பர் குடுத்தாங்களே. செவப்புல. நானும் இத்தினி நாளா பயந்துக்கினு இருக்கேனே."

இன்னொருவர், "எனக்குந்தான்," என்றார்.

அங்கேயே, எல்லோர் நடுவிலும், பேராசிரியரை அழைத்தேன். எந்தப் படத்தையும் அழிக்கப் போவதில்லை என்றேன். ஒவ்வொன்றையும் கையால் நிமிர்த்துவேன். அளவுத் தாள் போன ஒவ்வொரு சென்டருக்கும் அது தப்பு என்று எழுதப் போகிறேன், என் கையெழுத்தோடு.

"உனக்கு அந்த அதிகாரம் இல்லை," என்றார் அவர். "திரும்பி வந்ததும் உன் வேலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்."

"பேசலாம். அதற்குள் எழுதி முடித்திருப்பேன்," என்று வைத்துவிட்டேன். பேசியது எதையும் திருப்பி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

"இன்னா சொல்றாரு உங்க மொதலாளி?" என்று கேட்டார் அஞ்சலாட்சி.

"வேலை போய்விடும் என்கிறார்."

"போனாப் போவுது. கத்திப் பேச வருதில்ல, மீனு வில்லு."

எல்லோரும் சிரித்தார்கள். முருகையன் மட்டும் சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். மயக்கத்தைப் பற்றி மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். "காலைல ஒன்னும் துன்ன மாட்டாங்க," என்றான் தரையைப் பார்த்து. "படகு வர்ற நேரத்துல எவடா துன்னுவா?" என்றார் அம்மா. மறுநாள் திருக்கோவிலூர்ப் பயணத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு விடுமுறை. குமரவேல் எனக்காகத் திறந்து வைத்திருந்தார். எட்டு மணிக்கெல்லாம் வாசலில் பெண்கள் நின்றார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை, பைக்குள் படமும் தாளும். நான் மாலையில் ஊருக்குக் கிளம்ப வேண்டும். நாலைந்து படம்தான் முடியும், மற்றதை அங்கிருந்து செய்து அனுப்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நகரவில்லை. போனில் பேராசிரியரின் செய்தி வந்திருந்தது. 'அழித்துவிட்டாயா?' என்று கேட்டிருந்தார். 'இல்லை' என்று அனுப்பிவிட்டு முதல் படத்தைத் திறந்தேன்.

பத்து மணிக்குக் கடைத்தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முருகையனின் டி.வி.எஸ். வண்டி நின்றுகொண்டிருந்தது. துணிமூட்டை எதையும் காணோம். முன்னால் மீன்கூடை கட்டியிருந்தது, பின்னால் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், இறங்கவில்லை. மீன் கெட்டுப்போகும், நின்று பேச நேரமில்லை என்று கத்தினார்.

முருகையன் கிளம்பப் போனவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பழைய பயம் முழுவதும் போகவில்லை. "எம்மா, புடிச்சிக்கோ. தலய நேரா வச்சிக்கினு உக்காரு."

"எந்தல நேராத்தான்டா இருக்குது," என்றார் அஞ்சலாட்சி. "நீ வண்டிய நேரா ஓட்டு."